சுவரின் இரு பக்கம்: நம் பட்டினத்தில் அண்டை வீட்டாரின் உரிமையும் கடமையும்



சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்குச் சற்று முன்பு, நம் மதரஸாவில் ஒரே பாயில் அமர்ந்து ஓதி வந்த இரு சிறுவர்கள் தனித்தனிப் பாய்களில் அமரத் தொடங்கினர். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. இருவர் வீடுகளுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். ஒரு வீட்டார் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் அச்சுவரின் மேல் மாடி எழுப்பினர். மாடியின் சாளரம் அடுத்த வீட்டு முற்றத்தை நேராகப் பார்த்தது. மழைநீர்க் குழாய் அவ்வீட்டுக் கொல்லையை நோக்கி நீண்டது. "எங்கள் சுவரில் நாங்கள் எதுவும் செய்வோம்" என்றனர் இவர்கள். "சுவர் எங்கள் பாட்டனார் கட்டியது, ஒரு செங்கல்லும் ஏற்றக் கூடாது" என்றனர் அவர்கள். பெரியவர்களிடையே சலாம் நின்றது. அது பிள்ளைகளின் பாய் வரை வந்துவிட்டது.

இரு தரப்பாரும் நம்மிடம் வந்தபோது ஒரு வீட்டார் பழைய பத்திரம் ஒன்றைக் கொண்டு வந்தனர். அது பிரெஞ்சு மொழியில் இருந்தது. அம்மொழி அறிந்த முதியவர் ஒருவர் படித்துப் பொருள் சொன்னார். இரண்டு வீடுகளுக்கும் அச்சுவர் பொது என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஃபிக்ஹ் கற்பிக்கும் நாம், நம் ஊரின் சுவர்கள் எத்தனை சட்டங்களைக் கண்டுள்ளன என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். மார்க்க நூல்களையும் பழைய சட்டங்களையும் புரட்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறோம்.

மதீனாவின் வாய்க்கால்

அண்டை நிலத்தார் தகராறு இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே உண்டு. மதீனாவின் ஹர்ரா பகுதியிலிருந்து இறங்கிய வாய்க்கால் நீர் முதலில் ஸுபைர் இப்னு அல்அவ்வாம் (ரலி) அவர்களின் தோட்டத்தையும், பிறகு அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தையும் அடைந்தது. நீரைத் தடுக்காமல் ஓடவிட வேண்டும் என்று அன்சாரி கேட்க, வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. ஸுபைர் தம் தோட்டத்துக்குப் பாய்ச்சியதும் நீரை அண்டை வீட்டாருக்கு விட்டுவிட வேண்டும் என்பது நபியவர்களின் முதல் தீர்ப்பு. அன்சாரி அதை ஏற்காமல், ஸுபைர் நபியவர்களின் அத்தை மகன் என்பதால் இப்படித் தீர்ப்பா என்று கேட்டுவிட்டார். நபியவர்களின் திருமுகம் நிறம் மாறியது. வரப்பு மட்டம் வரை நீர் நிரம்பும்வரை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று பிறகு ஸுபைருக்குக் கூறினார்கள். இந்நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது.

ஹதீஸ் விரிவுரையாளர்கள் இதில் கண்ட நுட்பம் நம் சிந்தனைக்குரியது. முதல் தீர்ப்பு சமாதானம். ஸுபைரின் முழு உரிமையிலிருந்து சிறிது விட்டுக்கொடுக்கச் செய்து இருவருக்கும் இலகுவாக்கியது. அது மறுக்கப்பட்ட பின்னரே சட்டப்படியான முழு உரிமை வழங்கப்பட்டது. சமாதானத்தில் தமக்குக் கிடைத்த பங்கை அன்சாரி சட்டத்தில் இழந்தார்.

மற்றொரு வழக்கு ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் மீது அர்வா என்ற பெண்மணி தொடுத்தது. தம் நிலத்தில் ஒரு பகுதியை ஸயீத் எடுத்துக்கொண்டார் என்று மதீனாவின் ஆளுநர் மர்வானிடம் அவர் முறையிட்டார். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு நிலங்கள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்ற நபிமொழியைத் தம் செவியால் கேட்ட பின்னும் அப்படிச் செய்வேனா என்று ஸயீத் கேட்டார். பிறகு, தம்முடையது என்று அறிந்திருந்தும் அந்நிலத்தை அவர் விட்டுக்கொடுத்தார். எல்லைக்கல்லை இரவோடு இரவாக நகர்த்தும் எவரும் இந்த ஹதீஸை ஒருமுறை படிக்க வேண்டும்.

மரக்கட்டையும் சாளரமும்

அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்பது அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நபிமொழி. இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். இமாம் அஹ்மத் (ரஹ்) கட்டாயம் என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிந்தைய கருத்துப்படி உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆயினும் அனுமதிப்பதே சிறந்தது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர் என்பதால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

சாளரம் பற்றியும் இவ்வாறே. ஷாஃபிஈ நூல்களில் ஒருவர் தம் சொந்தச் சுவரில் சாளரம் திறக்கும் உரிமை தாராளமாகவே தரப்பட்டுள்ளது. அதன் வழியே பிறர் வீட்டைப் பார்ப்பதுதான் ஹராம். மாலிக்கி அறிஞர்கள் இன்னும் கண்டிப்பானவர்கள். 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரத்தில் காழிக்குத் துணையாகச் சுவர்களையும் வடிகால்களையும் நேரில் பார்வையிட்டு வந்த கட்டடக் கொத்தர் இப்னு அர்ராமீ. கட்டடச் சட்டங்கள் குறித்து அவர் எழுதிய நூலில் பொதுச்சுவர், சாளரம், புகை, கழிவுநீர் ஆகியவை பற்றிய தகராறுகளே நிரம்பியுள்ளன. ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத்தொகுப்பின் 1202ஆம் பிரிவோ, சமையலறை, கிணற்றடி, முற்றம் போன்று பெண்கள் புழங்கும் இடம் கண்ணில் படுவதையே பெருந்தீங்கு என்று வகுத்தது. அதற்காக வீட்டை இடிக்க வேண்டியதில்லை. பார்வை மறையும்படி சுவரோ பலகைத் தடுப்போ வைத்தால் போதும் என்றது.

பட்டினத்துக்கு வந்த பிரெஞ்சுச் சட்டம்

காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு வந்தது. பின்னர் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்தன. நம் பட்டினத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஏடுகளில் 'கிராந்த் அல்தே', அதாவது பெரிய கிராமம், என்று எழுதினர். 1880இல் நகராட்சி முறை வந்தபோது அப்பெயரிலேயே ஒரு கொம்யூன் ஆயிற்று. இன்றைய கொம்யூன் பஞ்சாயத்து அதன் வழிவந்ததே.

1804இல் பிரான்சில் இயற்றப்பட்ட குடிமையியல் சட்டம் 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணையின் மூலம் இங்கே நடைமுறைக்கு வந்தது. கிறிஸ்தவரோ 'மூர்' எனப்பட்ட முஸ்லிமோ இந்துவோ, இந்தியர்கள் முன்போலத் தத்தம் சட்டம், வழக்கம், சம்பிரதாயப்படியே தீர்ப்பளிக்கப்படுவர் என்றும் அதே ஆணை உறுதியளித்தது. நிக்காஹ், தலாக், பாகப்பிரிவினை போன்றவை நம் ஷரீஅத்தின்படியே தொடர்ந்தன. நிலம், ஒப்பந்தம் ஆகியவற்றில் காலப்போக்கில் பிரெஞ்சுச் சட்டமே மேலோங்கியது. ஆகவே நம் முன்னோர் வீட்டுக்குள்ளே ஒரு சட்டத்தையும் வீட்டுச் சுவரில் மற்றொரு சட்டத்தையும் கண்டு வாழ்ந்தனர்.

அந்தச் சுவர்ச் சட்டம் மிக நுணுக்கமானது. இரு கட்டடங்களுக்கு இடையில் உள்ள சுவர், வேறு பத்திரமோ அடையாளமோ இல்லாவிட்டால், இருவருக்கும் பொதுவானதே என்று அது கொண்டது. பங்காளி ஒருவர் அச்சுவரில் உத்திரம் பதிக்கலாம். மறுபக்கம் 54 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம், மீதம் இருக்க வேண்டும். தம் செலவில் சுவரை உயர்த்திக் கட்டலாம். உயர்த்திய பகுதியின் பராமரிப்பு அவரையே சாரும். ஆனால் மற்றவரின் சம்மதமின்றிப் பொதுச்சுவரில் சாளரம் திறக்கக் கூடாது.

சொந்தச் சுவராக இருந்தாலும், அது அடுத்தவர் எல்லையை ஒட்டியிருந்தால், வெளிச்சத்துக்கு மட்டும் திறப்பு வைக்கலாம். அதற்கு இரும்புக் கம்பியும் திறக்க முடியாத கண்ணாடியும் வேண்டும். கீழ்த்தளத்தில் தரையிலிருந்து 2.6 மீட்டர், மேல்தளத்தில் 1.9 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் அதை அமைக்க வேண்டும். வெளிச்சம் வரும், பார்வை போகாது. அடுத்தவர் நிலத்தை நேராகப் பார்க்கும் சாளரமானால் எல்லையிலிருந்து 1.9 மீட்டர், ஏறத்தாழ 6 அடி, தள்ளியிருக்க வேண்டும். கூரைநீர் தம் நிலத்திலோ தெருவிலோ விழ வேண்டும், அண்டை நிலத்தில் விழக் கூடாது. 2 மீட்டருக்கு மேல் வளரும் மரத்தை எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் நடக் கூடாது. அடுத்தவர் மரத்தின் வேர் உள்ளே வந்தால் தாமே வெட்டலாம். கிளையானால் வெட்டும்படி அவரிடம் கேட்க வேண்டும். தெருவுக்கு வழியில்லாமல் நாற்புறமும் அடைபட்ட நிலத்துக்கு, இழப்பீடு தந்து வழி கேட்கும் உரிமை உண்டு.

1842ஆம் ஆண்டின் நீதித்துறை ஆணை பிரெஞ்சிந்தியாவின் நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தியபோது, சமாதான நீதிபதி என்ற பதவிக்கும் அதில் இடம் இருந்தது. எல்லை, மரம், வடிகால் போன்ற சிறு தகராறுகளில் முதலில் இரு தரப்பாரையும் அழைத்து இணங்க வைக்க முயல்வது பிரெஞ்சு மரபில் அப்பதவியின் முதன்மைப் பணி. மதீனாவின் வாய்க்கால் வழக்கில் கண்ட வரிசையும் இதுவே.

வாஞ்சூருக்கு அப்பால்

நம் ஊரிலிருந்து வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். கொள்வினை கொடுப்பினை இரு பக்கமும் ஒன்றே. சுவரின் சட்டம் மட்டும் வேறு. நாகூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சட்டப்படி வெளிச்சம், காற்று, வழிநடை, நீர்ப்போக்கு ஆகியவற்றை 20 ஆண்டுகள் இடைவிடாமல், உரிமையாக, தடையின்றி அனுபவித்தால் பாத்தியதை உண்டாகும். பிரெஞ்சுச் சட்டத்திலோ 30 ஆண்டுகள். அதிலும் சாளரம், வடிகால் போலத் தொடர்ந்தும் வெளிப்படையாகவும் இருப்பவற்றுக்கே அது பொருந்தும். வழிநடைப் பாத்தியதைக்குப் பத்திரம் வேண்டும்.

முற்றத்தின் மறைவு குறித்த வேறுபாடு இன்னும் பெரிது. அண்டை வீட்டார் சாளரம் திறந்து அந்தரங்கத்தைக் கெடுத்தார் என்பது மட்டுமே வழக்குக்குக் காரணமாகாது, பாதிக்கப்பட்டவர் தம் நிலத்தில் மறைப்பு எழுப்பிக்கொள்ளலாம் என்பதே 19ஆம் நூற்றாண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆனால் அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888இல், வழக்கத்தின் அடிப்படையில் பெண்கள் புழங்கும் பகுதியின் மறைவுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஊர் வழக்கம் நிரூபிக்கப்பட்டால் இத்தகைய உரிமை உண்டாகலாம் என்பதை வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவும் ஓர் உதாரணத்தால் விளக்குகிறது. ஆக, பிரெஞ்சு எல்லைக்குள் ஒரு தாய்க்கு ஆறடி அளவைக் காட்டிக் கேட்க முடிந்தது. சில கல் தொலைவில் நாகூரில் இருந்த அவருடைய சகோதரிக்கு அந்த வசதி இல்லை. நம் ஷாஃபிஈ நூல்களும் அந்தச் சகோதரிக்குச் சட்டமாகப் பெரிதாய் எதுவும் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குத் துணையாக நின்றது அடுத்த வீட்டாரின் வெட்கமும் இறையச்சமுமே.

இன்றைய நிலை

1954 நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962இல் சட்டப்படியான இணைப்பு முழுமை பெற்றது. 1968ஆம் ஆண்டின் சட்ட விரிவாக்கச் சட்டத்தால் இந்தியச் சட்டங்கள் பல இங்கே நடைமுறைக்கு வந்தன. ஆயினும் பழைய சட்டத்தின்கீழ் முன்பே உருவாகிவிட்ட உரிமைகள் அதனால் அழிந்துவிடவில்லை. எனவே வீட்டில் உள்ள பிரெஞ்சுப் பத்திரத்தைப் பயனற்ற காகிதம் என்று எண்ண வேண்டாம். பொதுச்சுவரும் பொதுவழியும் அதில்தான் எழுதப்பட்டிருக்கலாம்.

வீடு விற்பதிலும் அண்டை வீட்டார் உரிமை பேசப்பட்டதுண்டு. ஷுஃப்ஆ எனப்படும் முன்வாங்கும் உரிமை ஷாஃபிஈ மத்ஹபில் கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே. ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 1870இலேயே இம்மாகாணத்தில் அதைச் சட்டமாக ஏற்க மறுத்தது. அண்டை வீட்டார் என்ற ஒரே காரணத்தால் கோரும் முன்வாங்கும் உரிமை அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. ஆனால் அபூராஃபிஉ (ரலி) அவர்களின் முன்மாதிரியை எந்தத் தீர்ப்பும் நீக்க முடியாது. தம் இரு அறைகளுக்கு 500 தீனார் தர வேறொருவர் முன்வந்திருந்தும், அண்டை வீட்டாரான ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு 4000 திர்ஹத்துக்கு, அதுவும் தவணையில், அவர் கொடுத்தார். அண்மையில் இருப்பவருக்கே உரிமை அதிகம் என்ற நபிமொழியே அதற்குக் காரணம் என்றும் சொன்னார். இந்தத் தியாகம் எல்லோராலும் இயலாது. விற்பதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வது எவராலும் இயலும்.

ஆக்கிரமிப்பு குறித்து ஓர் எச்சரிக்கை. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி ஒருவர் பிறர் நிலத்தை 12 ஆண்டுகள் வெளிப்படையாக எதிரிடை அனுபவத்தில் வைத்திருந்தால், உரியவர் நீதிமன்றத்தில் மீட்பது அரிதாகிவிடும். மஜல்லாவும் 15 ஆண்டுகளுக்குப் பிறகு பல வழக்குகளை விசாரிக்கக் கூடாது என்றது. ஆனால் காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்பதையும் அதே மஜல்லா தனிப் பிரிவாக எழுதி வைத்தது. நீதிபதி கேட்க மாட்டார் என்பதால் அந்த ஒரு சாண் நமக்கு ஹலால் ஆகிவிடாது. தந்தை வளைத்த நிலம் பிள்ளைகளின் பாகப்பிரிவினையில் வரும்போது இதை நினைவில் கொள்க.

நாம் செய்ய வேண்டியவை

1. கட்டுவதற்கு முன் பத்திரத்தின் நான்கெல்லையையும் நில அளவைப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் இரு வீட்டாரும் சேர்ந்து அரசு நில அளவரை அழைத்து அளக்க வேண்டும்.

2. வரைபட அனுமதியில் விட வேண்டிய இடைவெளியை விட்டே கட்ட வேண்டும். அதிகாரி பார்க்கவில்லை என்பது அனுமதி ஆகாது.

3. சாளரம், கழிவறை, மழைநீர்க் குழாய் ஆகியவற்றின் இடத்தை அடித்தளம் போடும் முன்பே அண்டை வீட்டாருக்குக் காட்ட வேண்டும். சுவர் எழும்பிய பின் மாற்றுவது இருவருக்கும் செலவு.

4. இணக்கம் ஏற்பட்டால் எழுத்தில், சாட்சிகளுடன் வைக்க வேண்டும். கடனை எழுதச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்த எழுத்து நிலத்தின் மேல் புதிய பாத்தியதையை உண்டாக்குமானால் பதிவு செய்ய வேண்டியிருக்கும், வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்க.

5. ஜமாஅத்தில் முடியாவிட்டால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அங்கே இணங்கி எழுதப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் முறையீடு இல்லை.

6. இவையும் பயனளிக்காவிட்டால் நீதிமன்றம் செல்வது பாவமன்று. அநியாயத்தைத் தடுக்கக் கேட்பது உரிமை. பொய்ச் சாட்சியும் பொய்ப் பத்திரமும்தான் பாவம்.

தொடக்கத்தில் சொன்ன இரு வீடுகளுக்கு வருவோம். பத்திரத்தையும் பழைய சட்டத்தையும் வைத்துப் பார்த்தபோது இரு தரப்பாரிடமும் பாதி நியாயம் இருந்தது. பொதுச்சுவரைத் தம் செலவில் உயர்த்த மாடி வீட்டாருக்கு உரிமை இருந்தது. அதில் சாளரம் திறக்கவும், மழைநீரை அடுத்த கொல்லையில் விடவும் உரிமை இல்லை. மூன்று அமர்வுகள் நடந்தன. இரண்டாம் அமர்வில் ஒருவர் எழுந்து போய்விட்டார். கடைசியில் சாளரம் அடைக்கப்பட்டு, தலைக்கு மேல் உயரத்தில் திறக்க முடியாத கண்ணாடி வைக்கப்பட்டது. குழாய் தெருப்பக்கம் திருப்பப்பட்டது. பழைய சுவரின் காரைப்பூச்சுச் செலவை இரு வீட்டாரும் பங்கிட்டுக்கொண்டனர். எல்லாம் தமிழில் எழுதிக் கையொப்பமிடப்பட்டு, பிரெஞ்சுப் பத்திரத்துடன் சேர்த்து வைக்கப்பட்டது.

பெரியவர்களில் ஒருவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சலாமுக்கு மட்டும் பதில் சொல்கிறார். சிறுவர்கள் இருவரும் மறுவாரமே ஒரே பாய்க்குத் திரும்பிவிட்டார்கள்.

அண்டை வீட்டாருக்கு உரிய ஹக்கை அறிந்து நிறைவேற்றுவோராகவும், பிறர் நிலத்தில் ஒரு சாணும் நம் கணக்கில் சேராமல் காத்துக்கொள்வோராகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.